ஒரு பவுண்டு அரிசியும் ஒரு சீப்பு முடியும்

போன மார்கழியில சுந்தரபாண்டியம் போயிருந்தேன். அக்கா வீடு அங்கேதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கி, வழக்கம்போல அரைக்கிலோ பால்கோவா வாங்கிக்கிட்டு அடுத்த பஸ் பிடிச்சுப் போய்ச் சேர்ந்தேன். பார்சலைப் பிரிச்சதும் முதல் ஆளாகக் கை நீட்டுகிற அக்கா மகள் இந்தத் தடவை தள்ளியே நின்னாள்.

"வேண்டாம் மாமா. டயட்ல இருக்கேன்."

ஆள் பாதியாக இருந்தாள். வைகாசியில் கல்யாணம். ஆவணியில் எடை பார்த்தப்போ 72 கிலோ. இப்போ 60. போனில் ஒரு செயலி வெச்சிருக்கா. ஒரு நாளைக்கு 1,200 கலோரின்னு அது கணக்குப் போட்டுக் கொடுக்குது. இட்லி ஒண்ணு, தோசை பாதின்னு எல்லாத்தையும் அதில் பதிஞ்சுட்டுத்தான் சாப்பிடுகிறாள். நம்ம குடும்பத்துல இவ்வளவு ஒழுங்கா யாரும் ரேஷன் கார்டைக்கூட வெச்சுக்கிட்டது இல்லை :-)

மறுநாள் காலையில் குளியலறையில் தண்ணி போகலை. ஜாலியை எடுத்துப் பார்த்தா, உருண்டை உருண்டையாக முடி. அக்கா உள்ளே போய் ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு மாசமாகச் சீப்பிலிருந்து எடுத்து எடுத்துச் சேர்த்தது. சவுரி கட்டுகிற அளவுக்கு இருந்தது.

"தண்ணி சரியில்ல தம்பி. புதுசா போர் போட்டதுல இருந்தே இப்படித்தான். உப்புத் தண்ணி."

மகளுக்கு வேற சந்தேகம். ஷாம்பூ மாத்தினதுதான் காரணமாம். பக்கத்து வீட்டு மதினி கண்ணு பட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்காங்க. சாப்பாட்டைப் பத்தி மட்டும் யாரும் சொல்லலை. ஏன்னா டயட் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஒரு முடிகூட அதிகமா விழலையாம். கார்த்திகையில்தான் கொட்ட ஆரம்பிச்சிருக்கு. அதோட இப்போ எடை 60-லேயே நின்னுபோச்சு, அதனால 1,000 கலோரிக்கு இறங்கப் போறேன்னு சொன்னாள்.

எனக்குச் சட்டென்று ஒரு பழைய எண் ஞாபகம் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு. இதே சென்னை ராஜதானியில் 1877-ல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி போட்ட எண். அன்னைக்குச் சாயங்காலம் அவளிடம் சொன்ன கதையைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் முடியின் கணக்கு. நம்ம தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொரு முடியும் தனி ஆள், தனி நேரப்படி வேலை பார்க்கும். இரண்டிலிருந்து ஆறு வருஷம் வளரும், அப்புறம் வளர்ச்சியை நிறுத்தி மூணு மாசம் போல ஓய்வில் கிடக்கும், பிறகு உதிரும். அதே குழியில் புது முடி கிளம்பும். எந்த நேரத்தில் எண்ணினாலும் நூத்துக்கு 85 முதல் 90 வரை வளர்கிற கட்டத்தில் இருக்கும். மிச்சம்தான் ஓய்வில். அதனால தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். அதுக்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

உடம்புக்கு ஏதாவது பெரிய அதிர்ச்சி வந்தால்தான் வம்பு. டைஃபாய்டு மாதிரி கடுங்காய்ச்சல், பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி. அப்போ வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பங்கு ஒரே சமயத்தில் வேலையை நிறுத்தி ஓய்வுக்குப் போயிடும். ஆனால் உடனே விழாது. ஓய்வுக் காலம் முடியணும் இல்லையா? இரண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமாகக் கொட்டும். 1961-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதை விவரித்து 'டெலோஜென் எஃப்ளூவியம்' என்று பேர் வைத்தார். பேர் புதுசு, விஷயம் பழசு. பிள்ளை பெத்த மூணாம் மாசம் தலைமுடி கொட்டும் என்பது நம்ம பாட்டிமார் எல்லோருக்கும் தெரியும்.

இந்த மூணு மாச இடைவெளியைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையே அதில்தான் இருக்கு. கார்த்திகையில் கொட்டுகிற முடிக்குக் காரணம் ஆவணியில் இருக்கும். ஆனால் நாம கார்த்திகையில் மாத்தின ஷாம்பூவையும் கார்த்திகையில் போட்ட போரையும்தான் சந்தேகப்படுவோம்.

இப்போ 1877-க்குப் போவோம்.

எங்க ஆச்சி, நாங்க அவசர அவசரமா சாப்பிட்டா "தாது வருசத்துல இருந்து வந்தவன் மாதிரி அள்ளிப் போடுறியேலே" என்று திட்டுவாள். சின்ன வயசில் தாது வருசம்னா ஏதோ ஊர் என்று நினைச்சுக்கிட்டிருந்தேன். அது 1876-77, தமிழ் வருஷக் கணக்கில் தாது ஆண்டு. 1876-ல் மழை பொய்த்தது. சென்னை ராஜதானி, மைசூர், ஹைதராபாத், பம்பாய் ராஜதானியின் தக்காணப் பகுதி எல்லாம் காய்ந்து போனது. 1878 வரைக்கும் பஞ்சம். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் செத்தவர்கள் குறைந்த கணக்குப்படியே 50 லட்சத்துக்கு மேல். அப்போ ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ராமநாதபுரம் ஜில்லா உண்டானது 1910-ல், நம்ம விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985-ல்.

பஞ்ச நிவாரணம் என்று அரசாங்கம் வேலை கொடுத்தது. மண் வெட்டணும், கல் உடைக்கணும், ரோடு போடணும். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து பக்கிங்ஹாம் கால்வாயின் நடுத் துண்டை வெட்டியதும் இந்தப் பஞ்சக் கூலிதான். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு பேர்தான் அதுக்கு. அந்தக் கால்வாயின் நாத்தத்தைப் பத்தி எழுதாத சென்னைக்காரர் இல்லை. அதை வெட்டினவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு எழுதினவங்க கம்மி.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை இங்கே அனுப்பினார். டெம்பிள் சாதாரண ஆள் இல்லை. 1873-74-ல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி இறக்குமதி பண்ணி ஏராளமான உயிரைக் காப்பாத்தினவர். அதுக்கு அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? வீண் செலவு பண்ணிட்டார் என்று லண்டனில் திட்டு. சூடு கண்ட பூனை. இந்தத் தடவை சிக்கனமாகச் செய்து காட்டணும் என்ற முடிவோடு வந்தார். அவர் போட்ட கூலி: வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலை, மேற்கொண்டு கொஞ்சம் சில்லறை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் கம்மி. ஒரு பவுண்டு என்பது 454 கிராம்.

இதை எதிர்த்து நின்னவர் ஒரு டாக்டர். வில்லியம் ராபர்ட் கார்னிஷ், சென்னை ராஜதானியின் சுகாதார ஆணையர். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதினவரும் அவர்தான். தென்னிந்தியர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை அதுக்குப் பல வருஷம் முன்னாடியிருந்தே ஆராய்ந்து வைத்திருந்தார். அவர் வாதம் எளிமையானது. மண் சுமக்கிற ஆளுக்கு ஒன்றரைப் பவுண்டாவது தானியம் வேணும். அரிசி மட்டும் போதாது, பருப்பும் காயும் வேணும். ஜெயில்ல இருக்கிற கைதிக்கே இதைவிட அதிகம் கொடுக்கிறோம். உடனே யாரும் விழுந்து சாகலை என்பதால் இது போதும் என்று ஆகிவிடாது, இது மெதுவான பட்டினி. டெம்பிள் அசரலை. போதுமா போதாதா என்று நடைமுறையில் பார்த்துக்கலாம் என்றார்.

இதை இன்றைய கணக்கில் போட்டுப் பார்த்தேன். நம்ம நாட்டு உணவு அட்டவணைப்படி நூறு கிராம் தீட்டிய பச்சரிசியில் சுமார் 345 கலோரி, 6.8 கிராம் புரதம். அப்போ 454 கிராமுக்கு 1,566 கலோரி, சுமார் 31 கிராம் புரதம். மைக் டேவிஸ் என்ற வரலாற்றாசிரியர் இந்தப் பஞ்சங்களைப் பத்தி 2001-ல் எழுதின புத்தகத்தில் டெம்பிள் கூலிக்கு 1,627 கலோரி என்று கணக்குச் சொல்கிறார். பக்கத்திலேயே நாஜிகளின் பூஹன்வால்ட் முகாம் சாப்பாட்டையும் ஒப்பிட்டிருக்கிறார். அங்கே 1,750. எந்தக் கணக்கை எடுத்தாலும் 1,600-ஐ ஒட்டித்தான் வருது. ஞாபகம் இருக்கட்டும், அக்கா மகளுக்குச் செயலி கொடுத்த எண் 1,200.

உடனே யாரும் சண்டைக்கு வராதீங்க. இரண்டும் ஒண்ணு இல்லை. அவங்க வெயில்ல மண் வெட்டினாங்க, இவ மாடியில் நடக்கிறா. அவங்களுக்கு வேற வழி இல்லை, இவளுக்கு ஃபிரிட்ஜ் நிறைய சாப்பாடு இருக்கு, அரைக்கிலோ பால்கோவாவும் இருக்கு. லட்சக்கணக்கில் சாவு விழுந்த ஒரு பஞ்சத்தைக் கல்யாண டயட்டோடு சமம்னு சொன்னா செத்தவங்களுக்கு அவமரியாதை. நான் சொல்ல வருவது வேற. போதும் என்று ஒருத்தர் காகிதத்தில் எழுதுகிற எண்ணுக்கும், போதலை என்று உடம்பு பதில் சொல்லுகிற நாளுக்கும் நடுவில் இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியில் எண் எழுதினவர் ஜெயிச்ச மாதிரியே தெரியும்.

1877-லும் அதுதான் நடந்தது. முதல் சில வாரங்களில் கூலியாட்கள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அப்புறம் மெலிந்தார்கள், கால் வீங்கியது, வயித்தால போனது. தெம்பு போன உடம்பைக் காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போனது. காகிதத்தில் நோயால் சாவு என்று எழுதிக்கொள்ளலாம், ஒரு பவுண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. கடைசியில் சென்னை அரசாங்கம் டெம்பிள் கூலியைக் கைவிட்டு அளவைக் கூட்டியது. கார்னிஷ் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ளச் சில மாசம் ஆனது. 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை, 1883-ல் பஞ்ச விதித் தொகுப்பு என்று அடுத்தடுத்து வந்தன.

அந்தக் காலப் படங்கள் சில இருக்கு. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்தவை. விலா எலும்பை எண்ணிவிடலாம். அந்தப் படங்களைப் பார்க்கிறவங்க யாரும் தலைமுடியைப் பார்க்க மாட்டாங்க, பார்க்கவும் தோணாது. சாவை எண்ணுகிற இடத்தில் சீப்பை யார் பார்ப்பது?

முடியையும் சேர்த்து எண்ணிய ஒரு பட்டினி 67 வருஷம் கழித்து நடந்தது. அது பஞ்சம் இல்லை, ஆராய்ச்சி. இரண்டாம் உலகப்போர் முடிகிற நேரம். ஐரோப்பாவில் பட்டினி கிடக்கிறவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று தெரியணும். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மனசாட்சி ஒத்துக்காத இளைஞர்கள் 36 பேரைச் சேர்த்தார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். 1944 நவம்பரில் ஆரம்பம். முதல் 12 வாரம் தினமும் சுமார் 3,200 கலோரி. அப்புறம் 24 வாரம், 1945 பிப்ரவரியிலிருந்து ஜூலை கடைசி வரை, அரைப்பட்டினி. சராசரி எவ்வளவு தெரியுமா? சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. அதோட வாரத்துக்கு 22 மைல் நடக்கணும்.

மேலே நான் போட்ட பச்சரிசிக் கணக்கைத் திரும்பப் பாருங்க. 1,566. டெம்பிளின் ஒரு பவுண்டும் கீஸின் சராசரியும் கிட்டத்தட்ட ஒரே எண். ஒருத்தர் இது போதும் என்று எழுதினார். இன்னொருத்தர் இதுதான் பட்டினி என்று தெரிந்தே எழுதினார்.

என்ன ஆச்சு? எடையில் கால்வாசி போனது. எந்நேரமும் குளிர். காலில் வீக்கம். எதிலும் பிடிப்பில்லை, சாப்பாட்டு நினைப்பு மட்டும்தான். சமையல் புத்தகத்தை நாவல் மாதிரி படித்தார்கள். முடி மெலிந்து கொட்டியது. இதையெல்லாம் எடை, அளவு, தேதியோடு குறித்து, 1950-ல் 'மனிதப் பட்டினியின் உயிரியல்' என்று இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார் கீஸ். இன்னொரு முக்கியமான விஷயமும் தெரிந்தது. மீண்டு வருவதற்கு, முன்னாடி சாப்பிட்டுக்கொண்டிருந்த அளவு பத்தலை. தினமும் 4,000 கலோரி போலத் தேவைப்பட்டது.

சரி, ஏன் முடி? ஒரு குடும்பத்தில் வருமானம் பாதியானால் என்ன செய்வோம்? அரிசி, மருந்து, பிள்ளைங்க ஃபீஸ் இதிலெல்லாம் கை வைக்க மாட்டோம். சுவருக்கு வெள்ளையடிக்கிறதை நிறுத்துவோம். உடம்புக்கு இதயம், மூளை, ஈரல் எல்லாம் அரிசி மாதிரி. முடி வெள்ளையடிக்கிற மாதிரி. அது இல்லாமல் சாக மாட்டோம். ஆனால் அதுக்கு ஆகிற செலவு அதிகம். முடியின் வேரில் இருக்கும் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகுகிறவைகளில் சேர்த்தி. முடி என்பதே கெரட்டின் என்ற புரதம். அதனால கலோரி குறைந்தாலும் அடி, புரதம் குறைந்தாலும் அடி, இரும்புச்சத்து குறைந்தாலும் அடி. 1960-களில் ஆராய்ச்சியாளர்கள் புரதம் இல்லாத சாப்பாடு கொடுத்து, முடியைப் பிடுங்கி வேரை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சில வாரங்களுக்குள்ளேயே வேர் சூம்பிப்போயிருந்தது. வெளியே தலை நிறைய முடி, உள்ளே வேர் இளைச்சாச்சு!

இதை நம்ம ஊர் தாய்மார்கள் வேறு விதமாகப் பார்த்து வைத்திருந்தார்கள். 'சவலை' என்ற சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த பிள்ளை உண்டாகி, தாய்ப்பால் நின்னுபோய், நோஞ்சானாகிற மூத்த பிள்ளை. முகம் உப்பி, கால் வீங்கி, தலைமுடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வரும். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் இன்றைய கானாவில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்து 1933-ல் எழுதினார். 1935-ல் அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பேரையே அதுக்கு வைத்தார்: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் முந்தின பிள்ளைக்கு வருகிற நோய் என்று அதுக்கு அர்த்தம். அப்படியே நம்ம சவலை! எங்கேயோ இருக்கிற கானாவும் வத்திராயிருப்பும் ஒரே சொல்லைக் கண்டுபிடித்திருக்கு.

அந்த நோயை நம்ம நாட்டில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் சேலத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். 1918-ல் மெக்காரிசன் ஒரே அறையில் ஆரம்பித்த இடம் அது. பிறகு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நான் மேலே கணக்குப் போட்ட உணவு அட்டவணையே அந்த வழியில் வந்ததுதான், 1937-ல் குன்னூரில் அய்க்ராய்ட் தொடங்கி வைத்தது. கோபாலன் நூறு வயசு வாழ்ந்து 2019-ல் காலமானார். இந்தக் குழந்தைகளின் முடியில் இன்னொரு விசேஷம் உண்டு. நல்லா சாப்பிட்ட மாசங்களில் கறுப்பு, சாப்பாடு இல்லாத மாசங்களில் செம்பட்டை என்று ஒரே முடியில் பட்டை பட்டையாகத் தெரியும். கொடி அடையாளம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். மாசம் ஒரு சென்டிமீட்டர் போல முடி வளரும் இல்லையா? அதனால அந்தப் பிள்ளை எந்த மாசம் பட்டினி கிடந்தது என்பதை முடியை அளந்தே சொல்லிவிடலாம்.

இது வரைக்கும் இல்லாதவர்களின் பட்டினி. இருக்கிறவர்கள் தானாகக் கிடக்கிற பட்டினிக்கும் ஒரு வரலாறு உண்டு, 1,200-க்கும் ஒரு தாய்வீடு உண்டு. லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்று கலிபோர்னியாவில் ஒரு பெண் டாக்டர். தானே குண்டாக இருந்து இளைத்தவர். 1918-ல், முதல் உலகப்போர் நேரத்தில், கலோரி எண்ணிச் சாப்பிடுவது எப்படி என்று ஒரு புத்தகம் போட்டார். போர்க்காலத்தில் கம்மியாகச் சாப்பிடுவது தேசபக்தி என்பது அவர் கட்சி. ஜெர்மன் கைசருக்கு எதிராக எடை குறைப்பு வகுப்புகூட நடத்தச் சொன்னார். 1920-களில் புத்தகம் சக்கைப்போடு போட்டது. இளைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அவர் சொன்ன எண் 1,200. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அமெரிக்கப் பெண்களுக்காகச் சொன்ன அந்த எண் சுந்தரபாண்டியத்தில் ஒரு செல்போனுக்குள்ளே உட்கார்ந்திருக்கு.

டயட்டுக்கும் முடிக்கும் முடிச்சுப் போட்டது 1976-ல். அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இரண்டு தோல் மருத்துவர்கள் ஒன்பது நோயாளிகளைப் பத்தி எழுதினார்கள். எல்லோரும் வேகமாக எடை குறைத்தவர்கள். டயட் ஆரம்பித்து இரண்டு முதல் ஐந்து மாசத்துக்குள் கொத்துக் கொத்தாக முடி கொட்டியிருந்தது. நல்லபடியாகச் சாப்பிட ஆரம்பித்ததும் திரும்ப வளர்ந்தது. அதே 1976-ல்தான் 'கடைசி வாய்ப்பு டயட்' என்ற புத்தகமும் வந்தது. சாப்பாடே இல்லை, மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுத்த புரதத் திரவம் மட்டும், ஒரு நாளைக்கு 400 கலோரிக்கும் கீழே. அந்த மாதிரித் திரவங்களைக் குடித்தவர்களில் சுமார் 60 பேர் செத்துப்போனதாக அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்தில் கணக்கு வந்தது. பல பேர் இதயத் துடிப்புத் தாறுமாறாகித்தான் போனார்கள். முடி கொட்டினதோடு தப்பித்தவர்கள் புண்ணியவான்கள்.

இன்னைக்கும் கதை ஓயலை. எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு முடி கொட்டுவது சகஜம். 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த வெகோவி ஊசியின் சோதனைகளில், ஊசி போட்டவர்களில் நூத்துக்கு 3 பேருக்கு முடி கொட்டியது, வெறும் ஊசி போட்டவர்களில் நூத்துக்கு ஒருத்தருக்கு. ஊசியின் குற்றமா, வேகமாக இளைத்ததன் குற்றமா என்றால், பெரும்பாலும் பின்னதைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அக்கா மகள் கேட்டாள், "அப்ப குண்டாவே இருக்கச் சொல்றீங்களா மாமா?"

நியாயமான கேள்வி. நான் அப்படிச் சொல்லலை. எடை குறைக்கலாம், நிறைய பேர் குறைக்கவும் வேணும். எங்க குடும்பத்திலேயே சர்க்கரை வியாதிக்காரர்கள் கைவிரலுக்கு மேல். வேகமும் எதைக் குறைக்கிறோம் என்பதும்தான் விஷயம். அவள் செயலியை வாங்கி ஒரு வாரத்தைப் புரட்டிப் பார்த்தேன். கலோரி எண் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. சாப்பாட்டைப் பார்த்தால் இட்லி, வெள்ளரிக்காய், மோர், ஆப்பிள். முட்டை இல்லை, பருப்பும் பேருக்குத்தான். கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் புரதம் 30 கிராம்கூடத் தேறலை. டெம்பிளின் ஒரு பவுண்டு அரிசியிலேயே 31 வருது!

அதோட நம்ம பெண்பிள்ளைகள் ஏற்கெனவே கடனில் இருக்கிறவர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கையிருப்பே இல்லாத வீட்டில் செலவைக் குறைச்சா என்ன ஆகும்?

மார்கழி மாசம் என்பதால் அன்னைக்கு ஸ்பீக்கரில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஆண்டாளை விட முடியுமா? பாவை நோன்பில் அந்தப் பெண்களும் நெய்யையும் பாலையும் விட்டுவிடுகிறார்கள், தலையில் பூவும் வைப்பதில்லை. ஆனால் 27-ஆம் நாள் கூடாரவல்லி. அக்காரவடிசிலும் நெய்யுமாக நோன்பு முடிகிறது. விரதத்துக்கு ஒரு முடிவு தேதியும், முடிந்ததும் வயிறு நிறையச் சாப்பாடும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அந்தப் பாட்டில் வந்தாச்சு. மினசோட்டா விஞ்ஞானி மன்னிக்கணும் :-) செயலியில் கூடாரவல்லி கிடையாது. எடை நின்னா இன்னும் 200 குறை என்றுதான் சொல்லும்.

எண் மேல எனக்குக் கோபம் இல்லை. அளவைக் கூட்டச் சொன்ன கார்னிஷும் எண்ணை வைத்துத்தான் சண்டை போட்டார். உயிர் போகாமல் இருக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு என்று டெம்பிள் கேட்டார். கார்னிஷ் கேட்டது, இந்த ஆள் செய்கிற வேலைக்கு எவ்வளவு வேணும் என்று. அதே மண்ணில் 1956-ல், நம்ம விருதுநகர்க்காரர் காமராஜர் காலத்தில் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு, அப்புறம் அதில் முட்டை. ஒரு பவுண்டிலிருந்து முட்டை வரைக்கும் வர நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. சத்துணவு முட்டை சாப்பிட்டு வளர்ந்த பொண்ணு, 24 வயசில் முட்டையில் 70 கலோரி என்று தட்டிலிருந்து ஒதுக்கி வைக்கிறாள்.

மறுநாள் அக்கா அவளை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். இரும்புச்சத்துக் கையிருப்பு அடிமட்டம். தைராய்டு சரியாக இருந்தது. டயட்டைத் தளர்த்தி, தினம் முட்டை, பருப்பு, சுண்டல் எழுதிக் கொடுத்தார், இரும்புச்சத்து மாத்திரையும். இனிமேல் மாசம் ஒண்ணரை, ரெண்டு கிலோவுக்கு மேல் குறைக்கக் கூடாது என்றார். "இன்னும் ரெண்டு மாசம் கொட்டும். பயந்துக்கிட்டு மறுபடி எதையாவது மாத்தாத. விழுறது பழைய கணக்கு" என்று சொன்னாராம். எவ்வளவு அழகாகச் சொல்லிட்டார்! நான் இவ்வளவு பெரிய பதிவு எழுத வேண்டியதா போச்சு.

பங்குனியில் அக்கா போன் பண்ணினாள். கொட்டுவது குறைந்திருக்கு. எடை ஒரு கிலோ ஏறியிருக்கு, அதில் மகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நெத்தி ஓரமாகக் குச்சி குச்சியாகச் சின்ன முடி நிக்குதாம், படிய மாட்டேங்குதாம், கல்யாணத்தன்னைக்கு என்ன பண்றது என்று இப்போ அந்தக் கவலை.

"எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு இஞ்சு இருக்கும் தம்பி. ஏன்?"

மாசம் ஒரு சென்டிமீட்டர். மனசுக்குள்ளே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக மார்கழிக் கடைசிக்குத்தான் போய் நின்னது.

பி.கு.: முடி கொட்டுகிற எல்லோருக்கும் காரணம் சாப்பாடு இல்லை. தைராய்டு இருக்கலாம், பரம்பரை வழுக்கை இருக்கலாம், வட்டமாகக் கொட்டினால் அது புழுவெட்டு. ஆறு மாசத்துக்கு மேல் கொட்டினால் டாக்டரைப் பாருங்க. பயோட்டின் மாத்திரையை நீங்களாகவே வாங்கி முழுங்காதீங்க. அந்தச் சத்துக் குறைவு இல்லாதவர்களுக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. தைராய்டு பரிசோதனை முடிவையே அது தப்பாகக் காட்டிவிடும்.